"கையில ஒரு பிளாஸ்டிக் பைப் வெச்சுவிட முடியாதா டாக்டர்?"

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீயைப் பக்கத்தில் வெச்சுக்கிட்டு நிதானமா படிங்க.

1/
எங்க மருத்துவமனைக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸுக்கு வர்ற அண்ணன் ஒருத்தர் இருக்கார். வயசு ஐம்பத்தி மூணு. சர்க்கரை நோயால ரெண்டு கிட்னியும் செயலிழந்தவர். உடம்பு நல்லா இருந்த காலத்தில் போர்வெல்லில் மோட்டார் இறக்குற வேலை.

மெஷினுக்கு ரத்தம் எடுக்குறதுக்காக அவர் இடது கையில் ஃபிஸ்டுலா போட்டிருந்தாங்க. போன மாசம் அது அடைச்சுக்கிச்சு. வலது கையில் போடலாம்னு ஸ்கேன் எடுத்துப் பார்த்தா, நரம்பு எல்லாம் நூல் மாதிரி சுருங்கிக் கிடக்கு. பல வருஷமா ஊசி குத்திக் குத்திக் கெட்டுப்போனது.

அப்போ அவர் கேட்டார்: "டாக்டர், நான் ஆயிரம் அடிக்கு பைப் இறக்கினவன். கையில ஒரு ஜாண் பிளாஸ்டிக் பைப்ப வெச்சுவிட முடியாதா?"

2/
நியாயமான கேள்வி. "முடியும்ணே. ஆனா உங்க சொந்தக் குழாய் அளவுக்கு நிக்காது"ன்னு சொன்னேன்.

"ஏன் நிக்காது?"ன்னார்.

அந்த "ஏன்" என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் எழுபது வருஷமா பதில் தேடிக்கிட்டு இருக்கு. வார்டில் ரெண்டு நிமிஷத்தில் சொல்ல முடியல. அதனால இங்க எழுதுறேன்.

ஒரு சின்ன விளக்கம் முதல்ல. நாம "நரம்பு ஊசி", "நரம்பு கிடைக்கல"ன்னு சொல்றோமே, அது உண்மையில் நரம்பு இல்லை. சிரை. உறுப்புகளில் இருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டு வருவது சிரை. இதயத்தில் இருந்து அழுத்தத்தோட கொண்டு போவது தமனி. கதை முழுக்க இந்த ரெண்டும் வரும்.

3/
1894 ஜூன் 24. பிரான்சின் லியோன் நகரம். அந்த நாட்டு ஜனாதிபதி சாடி கார்னோவை ஒருவன் கத்தியால் குத்திவிட்டான். கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரை கிழிந்துவிட்டது. நகரின் பெரிய சர்ஜன்கள் எல்லாம் கூடியும் ஒன்றும் செய்ய முடியவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு அவர் இறந்துபோனார்.

காரணம் எளிமையானது. அந்தக் காலத்தில் கிழிந்த ரத்தக் குழாயை நம்பித் தைக்கும் வித்தை யாருக்கும் கைவரவில்லை. கட்டி நிறுத்தத்தான் தெரியும்.

அதே ஊரில் அலெக்சிஸ் காரெல் என்ற மருத்துவ மாணவர் இருந்தார். "தைக்கத் தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே" என்ற எண்ணம் அவரை விடவில்லை.

4/
காரெல் என்ன செய்தார் தெரியுமா? லியோனில் எம்பிராய்டரி போடும் ஒரு பெண்மணியிடம் போய்த் தையல் கற்றுக்கொண்டார்.

லியோன் பட்டுக்குப் பேர்போன ஊர். அங்கே கிடைத்த மெல்லிய ஊசி, மெல்லிய பட்டு நூல், நூலுக்கு வாஸ்லின் பூச்சு. வட்டமான குழாயின் வாயை மூணு இடத்தில் நூலால் இழுத்துப் பிடித்தால் அது முக்கோணமாகிவிடும். நேர்கோட்டில் தைப்பது சுலபம். இந்த முறையை 1902-ல் வெளியிட்டார். அடிப்படையில் இன்றைக்கும் நாங்கள் பின்பற்றுவது அந்த வழியைத்தான்.

பிறகு அமெரிக்கா போய், தமனியில் ஒரு துண்டு போய்விட்டால் அந்த இடத்தில் சிரையை வெட்டி வைக்கலாம் என்று விலங்குகளில் காட்டினார். 1912-ல் நோபல் பரிசு.

(மனித இனத்தைத் "தரம் பிரிக்கிற" யூஜெனிக்ஸ் கொள்கையை ஆதரித்து எழுதியவரும் இதே காரெல்தான். கை வித்தையை மதிப்போம். அந்தக் கருத்தை ஒருபோதும் ஏற்க வேண்டாம்.)

5/
வித்தை வந்துவிட்டாலும் அது போர்க்களத்துக்குப் போய்ச் சேர ஏறத்தாழ ஐம்பது வருஷம் ஆனது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு ஏற்பட்ட 2,471 தமனிக் காயங்களை டிபேக்கி, சிமியோன் என்ற இரண்டு சர்ஜன்கள் 1946-ல் தொகுத்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அறுந்த தமனியைக் கட்டிவிடுவதுதான் சிகிச்சை. அப்படிக் கட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கையையோ காலையோ இழந்தார்கள்.

அடுத்து வந்த கொரியப் போரில் தமனியைத் தைத்தார்கள், தேவையான இடத்தில் காலில் இருந்து சிரையை எடுத்து வைத்தார்கள். உறுப்பை இழந்தவர்கள் சுமார் 13 சதவீதமாகக் குறைந்தார்கள்.

ஒரு ஜாண் குழாய் இருக்கா இல்லையா என்பதில் ஒருத்தரோட கால் நிக்குது. இதை மனசில் வெச்சுக்கோங்க.

6/
ஆனா இதயத்தில் இருந்து கிளம்பும் மகாதமனி பழுதானால்? அது வயித்துக்குள்ள கிட்டத்தட்ட ரெண்டு சென்டிமீட்டர் அகலம். அந்த அளவுக்குச் சிரை உடம்பில் சும்மா கிடைக்காது. இறந்தவர்களிடம் இருந்து எடுத்த தமனியை வைத்துப் பார்த்தார்கள். தட்டுப்பாடு ஒரு பக்கம், நாளடைவில் அது நைந்துபோவது இன்னொரு பக்கம்.

1947-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற பயிற்சி சர்ஜன் நாய்களின் இதய வால்வில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஒரு நாயின் இதய அறைக்குள் பட்டு நூல் ஒன்று தவறுதலாகக் குறுக்கே போய்விட்டது. மாதங்கள் கழித்துப் பார்த்தபோது அந்த நூல் மேல் பளபளவென்று ஒரு மெல்லிய படலம் படர்ந்திருந்தது. ரத்தக் கட்டி எதுவும் ஒட்டவில்லை.

வூர்ஹீஸுக்குப் பொறி தட்டியது. ஒரு நூலை உடம்பு இப்படிப் போர்த்துகிறது என்றால், நூலால் நெய்த துணியையும் போர்த்தாதா?

7/
முதலில் ஒரு பட்டுக் கைக்குட்டையைக் குழாயாகச் சுருட்டித் தைத்து நாயின் மகாதமனியில் வைத்தார். அதிக நேரம் தாங்கவில்லை. அடுத்து, பாராசூட்டுக்குப் பயன்பட்ட வின்யான்-என் என்ற செயற்கைத் துணி. அது தாங்கியது. 1952-ல் கட்டுரை வந்தது. 1953-ல் மனிதர்களுக்கு வைத்தார்கள்.

"துணின்னா ஓட்டை இருக்குமே, ரத்தம் ஒழுகாதா?"ன்னு கேப்பீங்க. ஒழுகும். அதுக்குத்தான் அந்தக் காலத்தில் துணியை முதல்ல நோயாளியின் ரத்தத்திலேயே நனைச்சு ஊற வெச்சாங்க. ரத்தம் உறைந்து ஓட்டைகளை அடைச்சுரும்.

சேதி அமெரிக்கா முழுக்கப் பரவியது. துணிக்கடைக்குக் கிளம்பினார் இன்னொரு சர்ஜன்.

8/
போர்க் காயங்களைத் தொகுத்தாரே, அதே மைக்கேல் டிபேக்கிதான். லெபனானில் இருந்து குடியேறிய குடும்பம். சின்ன வயதில் அம்மாவிடம் தையல் கற்றவர். ஹூஸ்டன் நகரத்துத் துணிக்கடையில் நைலான் கேட்டார். தீர்ந்துவிட்டது. கடைக்காரர்கள் டாக்ரான் என்ற புதுத் துணியைக் காட்டினார்கள். ஒரு கஜம் வாங்கிப் போய், வீட்டில் மனைவியின் தையல் மிஷினில் குழாயாகத் தைத்தார்.

டாக்ரான் என்பது வேறு ஒன்றும் இல்லை, பாலியஸ்டர். நம்ம அப்பா, தாத்தா போட்ட டெரிகாட்டன் சட்டையில் பாதி அதுதான். கிடைத்த துணிகளில் அதுதான் உடம்புக்குள் நீண்ட நாள் நைந்துபோகாமல் நின்றது. 1954-ல் மனிதருக்கு வைத்தார். பிறகு ஃபிலடெல்பியாவில் ஒரு ஜவுளிப் பொறியாளருடன் சேர்ந்து, மூட்டுத் தையலே இல்லாமல் குழாயாகப் பின்னும் மிஷினை உருவாக்கினார். திருப்பூரில் பனியன் துணி உருளையா வருதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

9/
இதில் ஒரு விசித்திரம் கேளுங்க. 2005 கடைசியில் டிபேக்கிக்கு 97 வயசு. அவருடைய மகாதமனியே கிழிந்துபோனது. அந்த வயசில் ஆபரேஷன் தாங்குமா என்று பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் அவரிடம் படித்துப் பழகியவர்களே ஆபரேஷன் செய்து டாக்ரான் குழாயை வைத்தார்கள். பிழைத்து வந்து, 2008-ல் நூறு வயசுக்கு ரெண்டு மாசம் இருக்கும்போதுதான் இறந்தார்.

ஆக, பெரிய குழாய்ப் பிரச்சனை 1950-களிலேயே ஒரு தையல் மிஷினால் பெரும்பாலும் தீர்ந்தது.

அப்போ சின்னக் குழாய் அதைவிட சுலபமாத்தானே இருக்கணும்? அதே துணி, கொஞ்சம் மெலிசாத் தைச்சா போதுமே?

அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிட்டாங்க.

10/
துணிக் குழாயை 6 மி.மீ. அகலத்துக்குக் கீழே கொண்டு வந்தால் அடைத்துக்கொண்டது. சில சமயம் சில மணி நேரத்தில். சில சமயம் சில மாதத்தில்.

ஏன்னு ஒரு கணக்குப் போடுவோம். பொய்சேல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1840-களில் கண்டுபிடித்த விதி: குழாயில் ஓட்டம், அதன் ஆரத்தின் நாலாவது அடுக்கைப் பொறுத்தது.

20 மி.மீ. குழாய்க்குள் சுத்திலும் அரை மி.மீ. படிவு சேருதுன்னு வைங்க. அகலம் 19 ஆகும். ஓட்டம் ஏறத்தாழ 81 சதவீதம் இருக்கும். நோயாளிக்குத் தெரியவே தெரியாது.

அதே அரை மி.மீ. படிவு 4 மி.மீ. குழாயில் சேர்ந்தால்? அகலம் 3 ஆகும். ஓட்டம் மூணில் ஒரு பங்குக்கும் கீழே. ஒரு மி.மீ. சேர்ந்தால் பதினாறில் ஒரு பங்கு.

இதய ரத்தக் குழாய்களின் அகலம் தோராயமாக 2 முதல் 4 மி.மீ. தான். முழங்காலுக்குக் கீழே போற தமனிகளும் அந்த அளவுதான்.

11/
அதனால சர்ஜன்கள் மறுபடியும் காரெல் காட்டிய வழிக்கே போனார்கள். உடம்பிலேயே இருக்கிற குழாய்.

1948 ஜூனில் பாரிஸில் ஜான் குன்லின், காலில் அடைத்துப்போன தமனிக்குப் பக்கவழியாக அதே காலின் சிரையை எடுத்துத் தைத்தார். சிரைக்குள் ஒரே திசையில் திறக்கும் வால்வுகள் உண்டு. அதனால் தலைகீழாகத் திருப்பி வைத்தார். காலுக்கான பைபாஸ் அங்கே தொடங்கியது.

1967 மே மாதம், கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ என்ற அர்ஜென்டினா சர்ஜன் காலில் எடுத்த சிரையை இதயத் தமனிக்கு வைத்தார். நம்ம வீட்டுப் பெரியவங்க காலில் நீளமா ஒரு தையல் தழும்பு இருக்கே, அது அந்த வழியில் வந்ததுதான்.

ஆனா சிரையும் முழுத் தீர்வு இல்லை. தமனியின் அழுத்தத்துக்கு அது பிறக்கவில்லை. இதய பைபாஸில் வைத்த கால் சிரைகளில் ஏறத்தாழ பாதி பத்து வருஷத்தில் அடைத்துவிடுகின்றன. நெஞ்சுக்கூட்டின் உள்பக்கம் இருக்கும் தமனியை இணைத்தால் பத்து வருஷத்திலும் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கும். அது இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. அவ்வளவுதான் ஸ்டாக்.

12/
அப்புறம் வந்தது டெஃப்லான். நம்ம தோசைக்கல்லில் பூசுற அதே பொருள்தான். 1938-ல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தது. எதுவும் ஒட்டாது. அப்போ ரத்தமும் ஒட்டாதே?

1969-ல் பாப் கோர் என்பவர், சூடான டெஃப்லான் கம்பியை மெதுவாக இழுத்து இழுத்து அறுந்துபோன எரிச்சலில் படாரென்று ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். அது அறாமல் பல மடங்கு நீண்டது. உள்ளே கோடிக்கணக்கான நுண்துளைகள். மழைக்கோட்டு செய்யும் கோர்-டெக்ஸ் பிறந்தது.

1971-ல் பாப்பின் அப்பா பில் கோர் பனிச்சறுக்குக்குப் போன இடத்தில், சட்டைப்பையில் இருந்த இந்தச் சின்னக் குழாயை பென் ஐஸ்மன் என்ற சர்ஜன் நண்பரிடம் காட்டினார். அவர் வாங்கிப் போய் ஒரு பன்றியின் ரத்தக் குழாயில் வைத்துப் பார்த்தார். ரத்தம் ஓடியது. ஐந்தாறு வருஷத்துக்குள் மனிதர்களின் கால்களுக்கு வந்துவிட்டது.

13/
எல்லோரும் "பிரச்சனை தீர்ந்தது" என்று நினைத்தார்கள். நினைத்தால் போதாதே, சோதித்துப் பார்க்கணும்.

அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, குலுக்கல் முறையில் சிலருக்குச் சொந்தச் சிரை, சிலருக்கு டெஃப்லான் குழாய் என்று வைத்து, வருஷக் கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 1986-ல் முடிவு வந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள தமனிகளுக்கு வைத்ததில், நாலு வருஷம் கழித்துத் திறந்திருந்தவை: சொந்தச் சிரை 49 சதவீதம். டெஃப்லான் 12 சதவீதம்.

எட்டில் ஒன்று.

தோசை ஒட்டாத பொருள் மேல் ரத்தம் நல்லாவே ஒட்டுது.

14/
சரி, நாய்க்கும் பன்றிக்கும் வேலை செஞ்சது மனுஷனுக்கு ஏன் செய்யல?

இந்தக் கேள்வியைப் பிடித்தவர் சியாட்டில் நகரத்து சர்ஜன் லெஸ்டர் சவாஜ். 1960-ல் இருந்து 1974 வரை பல விலங்குகளிலும் மனிதர்களிடம் இருந்து திரும்ப எடுத்த குழாய்களிலும் ஒரே விஷயத்தைப் பார்த்தார்: உள்பக்கம் எவ்வளவு தூரம் ஆறியிருக்கிறது?

நாயில் குழாயின் உள்ளே அந்தப் பளபளப்பான படலம் நன்றாகப் படர்கிறது. மனிதர்களில்? தைத்த ஓரத்தில் இருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வருகிறது. அப்படியே நின்றுவிடுகிறது. நடுப்பகுதி பல வருஷம் கழித்தும் மொட்டையாக, ரத்தம் உறைந்த பூச்சோடு கிடக்கிறது.

யோசிச்சுப் பாருங்க. 1947-ல் வூர்ஹீஸ் நூலில் பார்த்த அந்தப் பளபளப்பு உண்மைதான். ஆனா அது நாயின் உண்மை. மொத்தத் துறையும் அந்த நம்பிக்கையின் மேல்தான் எழுந்தது. பெரிய குழாயில் ரத்தம் வேகமாப் பாயும், உள்பக்கம் மொட்டையா இருந்தாலும் தப்பிச்சுக்கும். சின்னக் குழாயில் மாட்டிக்கிச்சு.

15/
அந்தப் படலத்தில் அப்படி என்ன இருக்கு?

1978-ல் நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற மருந்தியல் விஞ்ஞானி முயலின் மகாதமனித் துண்டுகளில் ஆய்வு செய்தார். ஒரு குறிப்பிட்ட மருந்துக்கு அந்தத் துண்டு சுருங்குவதுதான் அவர் வழக்கமாகப் பார்த்தது. ஒரு நாள் விரிந்தது. ஏன் என்று தோண்டினால், அன்றைக்குத் துண்டின் உள்பக்கம் தேய்க்கப்படாமல் தப்பியிருந்தது. மற்ற நாட்களில் தயாரிக்கும்போது அந்த ஒற்றை அடுக்கு செல்கள் உரசிப் போயிருந்தன.

அதுவரை வெறும் "உள் பூச்சு" என்று எல்லோரும் நினைத்த எண்டோதீலியம், ரத்தக் குழாயை விரியச் சொல்லும் வேதிப்பொருளைச் சுரக்கிறது. பிறகு அது நைட்ரிக் ஆக்சைடு வாயு என்று தெரிந்தது. 1998-ல் நோபல். இதே செல்கள் ரத்தத் தட்டுகள் ஒட்டாமல் தடுக்கும் பொருள்களையும் நொடிக்கு நொடி சுரக்கின்றன.

ஆக, நம்ம ரத்தக் குழாயைப் பைப்புன்னு நினைக்கிறதுதான் முதல் தப்பு. கிட்னி, கல்லீரல் மாதிரி அதுவும் வேலை செய்யற உறுப்பு.

16/
இன்னொரு சிக்கலும் உண்டு. நம்ம தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் விரிந்து சுருங்கும். டெஃப்லானும் டாக்ரானும் விறைப்பாக நிற்கும். மென்மையானதும் விறைப்பானதும் சேரும் தையல் இடத்தில் ரத்தம் சுழிக்கும். அங்கே தசை செல்கள் பெருகித் தழும்பு மாதிரி உள்பக்கம் தடிக்கும். முதல் மாதம் ரத்தக் கட்டியில் தப்பிய குழாய் ரெண்டாவது வருஷம் இந்தத் தடிப்பில் மூடிக்கொள்ளும்.

வலிமை இங்கே பிரச்சனையே இல்லை. நம்ம கால் சிரையே சுமார் 1,600 மி.மீ. பாதரச அழுத்தம் வரைக்கும் தாங்கும். நம்ம ரத்த அழுத்தம் 120. ஆய்வகத்தில் வெடிக்கும் அழுத்தம், தையல் பிடிக்கும் பலம், வளையும் தன்மை எல்லாத்தையும் அளந்து, எல்லாத்திலும் பாஸான குழாய்கள் நிறைய. மேஜை மேல் அளக்க முடியாத ஒன்றே ஒன்றில் ஃபெயிலாகும்: ஒரு மனிதரின் ரத்தம் அதை வருஷக் கணக்கில் எப்படி நடத்தும்?

17/
"அப்போ சின்னச் செயற்கைக் குழாய் எங்கேயும் உதவலையா?" உதவுது. அதையும் சொல்லணும்.

சில குழந்தைகள் இதயக் குறைபாட்டால் நீலம் பாய்ந்து பிறக்கும். நுரையீரலுக்கு ரத்தம் போதாது. 1944 நவம்பர் 29-ல் பால்டிமோரில் ஹெலன் டாசிக் யோசனை சொல்ல, ஆல்ஃபிரட் பிளாலாக் ஒரு குழந்தையின் கைக்குப் போகும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியில் இணைத்தார். அந்த ஆபரேஷனை நாய்களில் செய்து செய்து பழகி, அன்று பிளாலாக்கின் பின்னால் நின்று வழி சொன்னவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின ஆய்வக உதவியாளர். மருத்துவப் படிப்புக்குப் பணம் சேர்த்து, பொருளாதாரச் சரிவில் இழந்தவர்.

இன்று அதே இணைப்புக்கு 3.5 மி.மீ. டெஃப்லான் குழாய் வைக்கிறார்கள். அடைத்துவிடும் பயம் எப்போதும் உண்டு. ஆனால் அந்தக் குழாய் அடுத்த ஆபரேஷன் வரைக்கும், சில மாதங்கள் நின்றால் போதும். அந்தச் சில மாதத்தில் ஒரு குழந்தை வளர்ந்துவிடும்.

18/
இனி இப்போதைய காலம். குழாய் ஒரு உயிருள்ள உறுப்பு என்றால், உயிரோடயே வளர்த்தால் என்ன?

முதல் முயற்சி: செயற்கைக் குழாயின் உள்ளே நோயாளியின் எண்டோதீலியல் செல்களை விதைப்பது. 1978-ல் மால்கம் ஹெரிங் நாயில் செய்தார். பின்னர் வியன்னாவில் நோயாளியின் செல்களை வாரக் கணக்கில் வளர்த்து, டெஃப்லான் குழாயில் பூசி வைத்தார்கள். நல்ல பலன் தந்தது. ஆனா காலில் ரத்தம் நின்னு விரல் கறுத்து வர்றவர் வாரக் கணக்கில் காத்திருக்க முடியுமா?

1986-ல் வைன்பெர்க், பெல் இருவரும் மாட்டின் செல்களையும் கொலாஜனையும் வைத்து ஆய்வகத்திலேயே ஒரு ரத்தக் குழாயை உருவாக்கினார்கள். ஆனால் வலு இல்லை, டாக்ரான் வலை போட்டுத்தான் நிறுத்த முடிந்தது. 1998-ல் லெரூ குழு, செல்களைத் தாள் மாதிரி வளர்த்து, சுருட்டிக் குழாயாக்கியது. பிளாஸ்டிக்கே கிடையாது. பிறகு டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்கு வைத்தும் பார்த்தார்கள். ஒரு குழாய் வளர ஆறு முதல் ஒன்பது மாதம்.

19/
லாரா நிக்லாசன் மயக்க மருந்து மருத்துவர், ஐ.சி.யு.வில் வேலை பார்த்தவர். பைபாஸ் நோயாளிகளிடம் சிரை கிடைக்காமல் காலிலும் கையிலும் மாறி மாறி வெட்டித் தேடுவதை நேரில் பார்த்தவர்.

1999-ல் வெளியான ஆய்வில், கரையும் தையல் நூல் செய்கிற அதே பொருளில் ஒரு வலைக் குழாய் செய்து, அதில் தசை செல்களை விதைத்து, எட்டு வாரம் இதயத் துடிப்பு மாதிரியே உள்ளே அழுத்தம் கொடுத்து வளர்த்தார். துடிப்பு கொடுத்த குழாய் வலுவானது. கொடுக்காதது நோஞ்சானாக நின்றது. பன்றிகளில் வைத்துப் பார்த்தார்.

அடுத்த யோசனை இன்னும் அழகு. தானம் பெற்ற மனித செல்களில் வளர்த்து, வலை கரைந்ததும் செல்களையெல்லாம் கழுவி எடுத்துவிடுவது. மிஞ்சுவது செல்கள் நெய்துவிட்டுப் போன கொலாஜன் குழாய். அந்நிய செல் இல்லை, அதனால் உடம்பு நிராகரிக்காது. குளிரில் சேமித்து வைக்கலாம். யாருக்கு வேண்டுமானாலும் உடனே எடுத்து வைக்கலாம்.

20/
2012 டிசம்பரில் போலந்தில் முதல் டயாலிசிஸ் நோயாளிக்கு வைத்தார்கள். 60 பேரின் முடிவுகள் 2016-ல் வந்தன. ஒரு வருஷத்தில் 89 சதவீதம் பேருக்குக் குழாய் வேலை செய்தது. கேட்க நல்லா இருக்கா? பக்கத்திலேயே இன்னொரு எண் உண்டு: மறுபடி எந்தச் சிகிச்சையும் தேவைப்படாமல் திறந்திருந்தவை 28 சதவீதம்தான். மத்ததை எல்லாம் அடைப்பு எடுத்து, விரிச்சு விட்டுக் காப்பாத்த வேண்டியிருந்தது. ஆய்வுச் செய்தி படிக்கும்போது ரெண்டு எண்ணையும் தேடுங்க.

2022-ல் உக்ரைன் போரில் அடிபட்டவர்களுக்குப் பயன்பட்டது. 2024 டிசம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது: கை, கால் தமனி அறுந்து அவசரமாக இணைக்க வேண்டிய பெரியவர்களுக்கு, அதுவும் சொந்தச் சிரையைப் பயன்படுத்த முடியாதபோது மட்டும். குழாய் கிழிந்து ஆபத்தான ரத்தப்போக்கு வரலாம் என்ற கட்டம் கட்டிய எச்சரிக்கையும் சேர்த்துத்தான்.

அதன் அகலம் 6 மி.மீ. அந்த எல்லைக்கோட்டிலேயேதான் நிற்கிறோம். இதயத்துக்கான 3, 4 மி.மீ. குழாயைக் கடையில் வாங்கி நம்பி வைக்கும் நாள் இன்னும் வரவில்லை.

21/
ஒரு சின்ன வரலாறு இன்னும் பாக்கி. நம்ம அண்ணன் கையில் இருந்ததே, அந்த ஃபிஸ்டுலா.

1960 மார்ச்சில் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கிளைட் ஷீல்ட்ஸ் என்ற நோயாளியின் கையில் தமனிக்கும் சிரைக்கும் டெஃப்லான் குழாய் பொருத்தி, தோலுக்கு வெளியே ஒரு வளையமாக விட்டார். அதுவரை சில நாள் தாங்கிய டயாலிசிஸை வருஷக் கணக்கில் செய்ய முடிந்தது. ஷீல்ட்ஸ் பதினோரு வருஷம் வாழ்ந்தார். ஆனால் பலருக்கு அந்தக் குழாயில் அடைப்பு, கிருமித் தொற்று.

1966-ல் நியூயார்க்கில் பிரேசியா, சிமினோ குழுவினர் பிளாஸ்டிக்கையே தூக்கிப் போட்டார்கள். நோயாளியின் தமனியையும் சிரையையும் நேரடியாகத் தைத்து இணைத்தார்கள். அழுத்தம் பாய்ந்து சிரை பருத்துத் தடித்தது. ஊசி போட வாகாக ஆனது. அறுபது வருஷம் ஆச்சு. இன்னைக்கும் முதல் தேர்வு அதுதான்.

22/
அண்ணன்கிட்ட மறுபடி உக்காந்து பேசினேன். உங்க கேள்விக்குப் பதில் கிடைச்சுதுண்ணேன்னு சொல்லி, பெரிய குழாய் சின்னக் குழாய்க் கணக்கைச் சொன்னேன். முடிக்க விடல.

"புரியுது டாக்டர். உப்புத்தண்ணி ஊர்ல நாலு இஞ்ச் பைப்புல உப்பு படிஞ்சா ஒன்னும் தெரியாது. அரை இஞ்ச் பைப்பு ரெண்டு வருஷத்துல அடைச்சுக்கும். மாத்தித்தான் ஆகணும்."

இதைவிட நல்லா எனக்குச் சொல்லத் தெரியல. மேல்கையில் இன்னும் ஒரு சிரை பயன்படுமான்னு பார்த்துக்கிட்டு இருக்காங்க. இல்லைன்னா 6 மி.மீ. டெஃப்லான் கிராஃப்ட்தான். அதை வெச்சா ரெண்டு மூணு வாரத்தில் பயன்படுத்தலாம். ஆனா அடைப்பும் தொற்றும் ஃபிஸ்டுலாவைவிட அதிகம். தெரிஞ்சேதான் சம்மதிச்சிருக்கார்.

23/
இவ்வளவு கதையும் உங்களுக்கு எதுக்குன்னா:

கிட்னி பாதிப்பு இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரா? அதிகம் பயன்படுத்தாத கையின் (பெரும்பாலும் இடது) முன்கைச் சிரைகளைப் பத்திரப்படுத்துங்க. ரத்தம் எடுக்க, குளுக்கோஸ் ஏத்த வந்தா "புறங்கையில் போடுங்க"ன்னு தயங்காமக் கேளுங்க. எங்களை மாதிரி டாக்டர்களும் நர்ஸுகளும் அவசரத்தில் மறந்துடுவோம். ஞாபகப்படுத்துங்க, கோவிச்சுக்க மாட்டோம்.

ஃபிஸ்டுலா போட்ட கையில் ஊசி, பி.பி. பட்டை, இறுக்கமான வளையல், கடிகாரம் வேண்டாம். அந்தக் கையைத் தலைக்கு வெச்சுப் படுக்காதீங்க. தினமும் தொட்டுப் பாருங்க, உறுமுற மாதிரி ஒரு அதிர்வு இருக்கும். அது நின்னா அன்னைக்கே மருத்துவமனைக்கு வாங்க. காத்திருக்காதீங்க.

ஒவ்வொரு காய்ச்சலுக்கும் "ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க"ன்னு கேக்குறதை விடுங்க. வாயால குடிக்க முடிஞ்சா அதுவே போதும்.

24/
சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, பீடி சிகரெட். இந்த மூணும் முதல்ல அரிக்கிறது அந்த ஒற்றை அடுக்குச் செல்லைத்தான். தையல் மிஷின், பாராசூட் துணி, டெஃப்லான், மாசக் கணக்கில் வளர்த்த குழாய்னு இத்தனை பேர் இத்தனை வருஷமா செஞ்சு பார்த்தும், நாலு மில்லிமீட்டர் அகலத்தில் அதுக்கு ஈடா ஒன்னைச் செய்ய முடியல.

உங்களுக்கு அது பிறக்கும்போதே கிடைச்சிருக்கு. மாத்திரையை ஒழுங்காப் போடுங்க. புகையை விடுங்க. வீட்டில் சர்க்கரை இருக்கிறவங்களுக்கு வருஷம் ஒரு முறை கிட்னிக்கும் பாதத்துக்கும் பரிசோதனை செஞ்சிருங்க. பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே செய்யலாம்.

டயாலிசிஸ் போற சொந்தக்காரங்க யாராவது இருந்தா 23-ஆவது பகுதியை மட்டுமாவது அவங்களுக்கு அனுப்புங்க.



அன்புடன்,
உங்கள் அரசு மருத்துவர்